தாயை மட்டும் பழிக்கலாமா?

ஜோலார்பேட்டையில் விடியுமுன் ரெயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தாய்மார்கள் உண்டு.

'தலசீமியா' என்பது ஒரு ரத்த நோய். கடுமையாக இருந்தால், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ஊசியைக் கண்டதும் பிள்ளை அலறும். பெற்றவள் வயிறு பற்றி எரியும். அதையும் தாங்கிக்கொள்வாள். "இவள் என்ன பாவம் செய்தாளோ!" என்ற பேச்சைத்தான் தாங்கமாட்டாள்.

அந்தப் பேச்சு பொய். தாய், தகப்பன் இருவர் ரத்தத்திலும் அந்தக் குறை மறைந்திருந்தால்தான் இந்தக் கடும் நோய் வரும். அப்போதும் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. கலியாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம்.

இது பாவமும் அல்ல, சாபமும் அல்ல. வேலூரில் 1986-ம் ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை. ரத்தம் எல்லோருக்கும் வேண்டும்.

உறவினர்களே, அனுதாபம் போதாது. ஆளுக்கு ஒருமுறை ரத்தம் கொடுங்கள். வீட்டில் தனித்திருக்கும் மூத்த பிள்ளைக்கு ஒருவேளை சோறு போடுங்கள். அந்தத் தாய் அன்றாவது நிம்மதியாகத் தூங்கட்டும்!