வானத்தில் ஒரு சுற்றுவழி

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே, பூமியின் வளைவையொட்டி மிகக் குறுகிய கோட்டில் அளந்தால், ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் என்பது பூகோள சாஸ்திரம் தரும் கணக்கு. அதைப் பொய்யென்று எவரும் சொல்ல முடியாதாயினும், பிரயாணிக்கு அதனால் விளையும் பிரயோஜனம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். 2022 பிப்ரவரி வரையில் சைபீரியாவின் மேலே நேராகப் பறந்து 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் டோக்கியோவை அடைந்துவந்த ஃபின்னேர் நிறுவனத்தின் விமானம், உக்ரேன் யுத்தம் மூண்டு, ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை அடைக்க, ருஷ்யாவும் பதிலுக்குத் தன் வானத்தை அடைத்ததும், ஏறக்குறைய 13 மணி நேரம் பறக்கும்படி ஆயிற்று. நகரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ருஷ்யாவைத் தவிர்க்க, தெற்கே காக்கசஸ், மத்திய ஆசியா வழியாகச் சுற்றலாம். அல்லது வடக்கே ஏறி, வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காப் பக்கமாகப் பசிபிக்கில் இறங்கலாம். துருவ மார்க்கத்தில், விமான எரிபொருள் கடுங்குளிரில் உறைந்துவிடக்கூடியது ஆதலால், விமானி இறக்கைக்குள் இருக்கும் எண்ணெயின் உஷ்ணத்தின்மேல் ஒரு கண் வைத்தபடியே, அது மிகவும் குறைந்தால் தாழ இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சமாளிக்க வேண்டும். அவ்வழி சென்ற பிரயாணிகளுக்குத் துருவத்தைக் கடந்தமைக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. கூடுதலாக உட்கார்ந்திருந்த 4 மணி நேரத்துக்கு அது தக்க பிரதியுபகாரமா என்பதை அவரவர் முழங்கால்தான் சொல்ல வேண்டும்.

இதே ஃபின்னேர் நிறுவனம் 1983-ல், சோவியத் வானத்துக்குள் புகாமல், கூடுதல் எண்ணெய் நிரப்பிய டிசி-10 விமானத்தில், துருவத்தின் வழியே இடையில் எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்குப் பறந்ததுண்டு. அதற்கும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான் பிடித்தது. அந்நாளில் அவ்வழி சென்ற ஏனைய ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் எஞ்சின்களில் கண்ட அபிவிருத்தியெல்லாம் எரிபொருளை மிச்சப்படுத்தியதே அல்லாமல் இந்தப் பொழுதைக் குறைக்க உதவவில்லை என்றால், இடையில் நாம் அனுபவித்த அந்த 9 மணி நேரப் பிரயாணம் இயந்திரத்தின் சாமர்த்தியத்தைவிட மாஸ்கோவின் அனுமதிக்கே அதிகம் கடமைப்பட்டது.

ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானம் முழுதும் சொந்தம் என்று 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. சைபீரிய வானத்தில் பறப்பதற்கு ஐரோப்பிய விமான நிறுவனங்கள் வெகுகாலம் ருஷ்யாவுக்குக் கட்டணமும் செலுத்திவந்தன. ஐரோப்பிய நாடுகள் தங்கள் வானத்தை அடைத்ததை நான் குறை கூறவில்லை. ஒரு தேசத்தின்மேல் படையெடுத்தவனோடு வழக்கம்போல் வியாபாரம் நடத்துவது தர்மமாகாது. ஆனால் ருஷ்யா பதிலுக்குச் செய்த அடைப்பு எல்லார்க்கும் ஒன்றாக இல்லை: சீன விமானங்கள் இன்றும் ருஷ்யாவின் மேலே பறந்தே ஐரோப்பாவுக்கு வந்து போகின்றன. ஆகவே, கிலோமீட்டர் கணக்கை மட்டும் அச்சிட்டு நிறுத்திக்கொள்ளும் தூரப் பட்டியல்கள், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, எந்த நாட்டு விமானம், எந்த மார்க்கம், எத்தனை மணி நேரம் என்பவற்றையும் சேர்த்து அச்சிடட்டும்.