புனே மீன் காவிரிக்கு வந்த கதை: எண்ணிக்கை கூடியும் மாசீர் அழிவது ஏன்?

மழைக்காலத்தில் புனேயில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடக்வாஸ்லா அணையிலிருந்து விநாடிக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று போனில் பார்ப்பது. பிடே பாலம் முழுகுமா, ஆபீஸுக்குச் சுற்றிக்கொண்டு போகணுமா என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒரு தரப்பும் இருக்கிறது. அதே வாரங்களில் வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறி முட்டையிட வேண்டிய மீன்கள்.

அவற்றில் ஒன்றுக்கு அறிவியல் ஆவணப்படி சொந்த ஊரே புனேதான். கர்னல் வில்லியம் ஹென்றி சைக்ஸ், முளா-முட்டா ஆற்றில் கிடைத்த ஒரு பெரிய கெண்டை இன மீனை 1839இல் விவரித்தார். இன்று அதைத் தக்காண மாசீர் என்கிறோம். சைக்ஸுக்கு பம்பாய் அரசாங்கம் கொடுத்திருந்த வேலை 'புள்ளிவிவர ரிப்போர்ட்டர்'. பிற்பாடு லண்டன் புள்ளியியல் சங்கத்துக்கே தலைவரானார். எங்கள் தொழிலுக்கு ஒரு பாட்டன் கிடைத்த மாதிரி எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

முதல் வெள்ளம் ஏன் முக்கியம்?

மாசீர் ஆண்டின் பெரும்பகுதியை ஆழமான மடுக்களில் கழிக்கும். மழை தொடங்கி நீர் கலங்கி, குளிர்ந்து, மட்டம் உயர்ந்தால் அதுதான் அதற்கு சிக்னல். ஆழமில்லாத, கூழாங்கல் படிந்த துணையாறுகளைத் தேடிப் போய் முட்டையிடும். அந்தக் கல் இடுக்குகளில் ஆக்சிஜன் நிறைந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பொரியும்.

அணை கட்டினால் மீனின் வழி அடைபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத சிக்கல் இன்னொன்று: அணை அந்த சிக்னலையே மாற்றிவிடுகிறது. பருவமழையின் முதல் நீரை அணை தனக்குள் வாங்கிக்கொள்ளும். நிரம்பிய பிறகு, சில நேரம் ஒரே ராத்திரியில், ஆயிரக்கணக்கான கன அடி திறக்கப்படும். கீழே இருக்கும் மீனுக்கு முதலில் சத்தமே இல்லை, பிறகு ஒரே கூச்சல். கடக்வாஸ்லா 19ஆம் நூற்றாண்டு அணை. அதற்கு மேலே பான்ஷெட், வரஸ்காவ், டெமகர். கீழே பீமாவில் உஜனி. நடுவில் மிஞ்சுவது துண்டு துண்டான ஆறுதான்.

குஞ்சு விட்டால் போதுமா?

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வும் புனே மாவட்டத்தில்தான் பிறந்தது. லோனாவ்லாவில், டாடா நிறுவனத்தின் நீர்மின் அணைகளை ஒட்டி, மாசீரை செயற்கையாகப் பொரிக்க வைக்கும் வேலை 1970களில் தொடங்கியது. சி.வி.குல்கர்ணி, எஸ்.என்.ஓகலே போன்றோரின் அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. அங்கிருந்து லட்சக்கணக்கில் மீன்குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. அதில் காவிரியும் ஒன்று.

பிரச்சினை என்னவென்றால், காவிரியில் ஏற்கெனவே ஒரு மாசீர் இருந்தது. ஆரஞ்சு நிறத் துடுப்பும் கூன் முதுகும் கொண்டது. 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. புனேயிலிருந்து போனதோ நீலத்துடுப்பு மாசீர். பேர் ஒன்றுதான், மீன் வேறு.

விளைவைக் காட்டியது ஒரு நோட்டுப் புத்தக டேட்டா. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் இருந்த கலிபோர் தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடை பார்த்து, எழுதி வைத்துவிட்டு ஆற்றில் விடுவார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மாசீர்கள். ஏட்ரியன் பிண்டரும் சகாக்களும் அதை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் நல்ல செய்தி: மணிக்கு எத்தனை மீன் சிக்கியது என்ற விகிதம் ஏறிக்கொண்டே போனது. இனம் பிரித்துப் பார்த்தால் கதை தலைகீழ். ஏறியது நீலத்துடுப்பு. கூன்முதுகு மாசீர் சரிந்தது, சிக்கிய சிலவும் வர வரப் பெரியவையாக இருந்தன. பெரிய மீன் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? வேண்டாம். பிள்ளைகள் இல்லாமல் முதியவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம் மாதிரி அது. புதிய தலைமுறை வரவில்லை.

இதற்கு வெளியூர் மீன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அணை, மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் எல்லாம் உண்டு. கூன்முதுகு மாசீருக்கு முறையான அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது: டோர் ரேமாதேவி. அதே ஆண்டு ஐயுசிஎன் அதை 'மிக அருகிய இனம்' என்று பட்டியலிட்டது. பெயர் வைக்கும் முன்பே ஆள் போய்விடும் நிலை.

பின்தொடர்வது எப்படி?

தூண்டில் டேட்டா 'இனப்பெருக்கம் நின்றுவிட்டது' என்று சொல்லும். எங்கே நின்றது, எந்தத் துணையாற்றின் வாயில் மீன் திரும்பிப்போனது என்று சொல்லாது. அதற்கு மீனோடு கூடவே போகணும்.

மீனின் வயிற்றுக்குள் சிறு அறுவை சிகிச்சை செய்து ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வைப்பது ஒரு வழி. கரையில் ஆன்டெனாவோடு நடந்து சிக்னலைப் பிடிப்பார்கள். பூட்டானின் மானஸ் நதியில் பொன் மாசீரை இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள். ஆழமான நீர்த்தேக்கத்தில் ரேடியோ அலை மங்கிவிடும், அங்கே ஒலி டேக் வேண்டும். அந்த ஒலி டேக்கோ பாறைகளில் மோதி ஓடும் ஆற்றின் இரைச்சலில் கேட்காது. அரிசி அளவு சிப்பும் உண்டு, ஆனால் மீன் ரீடருக்கு மிக அருகே வந்தால்தான் பலன். கங்கையில் 1975இல் வந்த ஃபராக்கா தடுப்பணை ஹில்சாவின் பாதையை மறித்தது. அங்கே மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீன்களுக்கு டேக் மாட்டி, அணைக்கு மேலே விட்டுப் பார்க்கிறது. ஹில்சா தொட்டாலே துவண்டுவிடும் மீன் என்பதால் அதுவே பெரிய பாடு. மிக அருகிய ஒரு மீனைப் பிடித்து வயிற்றைக் கீறுவதற்கு அனுமதி கேட்பது அதைவிடப் பெரிய பாடு.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. 2018இல் பெயரை உறுதிசெய்த ஆய்வுக்கு கூன்முதுகு மாசீர் கிடைத்தது மோயாற்றில். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே காட்டுக்குள் ஓடி, பவானிசாகரில் சேரும் ஆறு அது. புலிகள் காப்பகம் என்பதால் மணல் லாரி தொல்லை குறைவு. ஆனால் மேலே பைக்காரா மின் நிலையங்கள். ஆற்றில் நீர் ஏறி இறங்குவதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, மாநிலத்தின் மின்தேவையும் தீர்மானிக்கிறது.

'மாசீரைக் காப்பாற்ற இன்னும் குஞ்சு விடுவோம்' என்ற யோசனை திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் விட்ட குஞ்சை எண்ணுவது சுலபம், போட்டோவும் கிடைக்கும். மோயாற்றில் அது ஆபத்து. அங்கே முதலில் தெரிய வேண்டியது, ஜூனில் மீன் எந்த ஓடைக்குள் நுழைகிறது, நீர் திடீரென வற்றினால் என்ன செய்கிறது என்பதுதான். டர்பைன் எந்த மணிக்கு ஓடியது, எந்த மணிக்கு நின்றது என்பது மின் நிலையப் பதிவேட்டில் இருக்கும். அந்த எக்ஸெலில் இன்னொரு காலம் சேர்க்க வேண்டும்: அந்த மணியில் மீன் எங்கே இருந்தது.