இரத்தம் எடுத்தால் மட்டும் போதுமா?

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. கிருமியும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என, 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. 2015இல் கியூபாவும் 2016இல் தாய்லாந்தும் பெற்ற சான்று இது. கிளினிக்கில் பெயர் பதியும் கர்ப்பிணித் தாய்மாருக்கு இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்யப்படுவதால் கைகூடிய காரியம். மேடு பள்ளம் பாராமல் நடந்த மருத்துவிச்சிகளின் உழைப்பு இதில் பெரிது. நாமும் மகிழ்கிறோம்.

ஆனால் இதன் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நோய்கள் நாட்டில் இல்லை என்பது இதன் கருத்தல்ல. நோயுள்ள தாய்மார் காலத்தோடு கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெறுவதால் பிள்ளைகள் தப்புகிறார்கள் என்பதே கருத்து. பரிசோதனைக்கு வராத தாயின் பிள்ளையை எந்தச் சான்றும் காப்பாற்றாது.

யார் வராமல் போகக்கூடும்? எம்மைப் போல் இடம்பெயர்ந்தவர்கள்தாம். மருத்துவிச்சியின் பதிவேடு ஒரு பிரிவுக்கு உரியது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. அப்படி ஓடும்போது கிளினிக் அட்டையை யார் தேடுவார்? உறவினர் வீட்டில் ஒதுங்கும் கர்ப்பிணி ஒருத்தி, பழைய பிரிவின் பதிவேட்டில் இருப்பாள். புதிய பிரிவில் அவளை யாரும் அறியார்.

பதிவேடு நடந்து வராது. தாய்தான் நடந்து வருகிறாள். ஆகவே என்ன பரிசோதனை, எதற்காக என்பது அவள் மனதில் பதிந்திருக்க வேண்டும். விளங்கிக்கொண்ட தாய் புதிய இடத்திலும் தானே கேட்டுச் செய்துகொள்வாள். ‘கையை நீட்டு’ என்று மட்டும் சொல்லப்பட்டவள் எதைக் கேட்பாள்?

இங்கேதான் எமது முறைப்பாடு. பதுளை மாவட்டத்துத் தோட்டத் தாய்மாரின் மொழி தமிழ். அவர்களுக்குச் சேவை செய்வோரில் சிங்களம் மட்டும் அறிந்தோரும் உள்ளனர். அவர்கள் அன்பாக நடந்தாலும், அந்தரங்கமான இவ்விடயத்தைச் சைகையால் விளக்க முடியாது. மாமியாரையோ பக்கத்து லயத்துப் பெண்ணையோ மொழிபெயர்க்க வைத்தால் இரகசியம் எங்கே தங்கும்? தமிழில், தனியறையில், பொறுமையாகச் சொல்லுவதே ஆலோசனை. அது சலுகை அல்ல, தாயின் உரிமை.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லையேல், நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குக் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலாலோ கிருமி தொற்றக்கூடும். தாய் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு, பிறந்த பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். பாலூட்டுவது பற்றி வைத்தியர் ஆலோசனை கூறுவார். கருச்சிதைவுக்கும் பிள்ளை இறந்து பிறப்பதற்கும் காரணமாகும் சிபிலிஸ், பெனிசிலின் ஊசியால் குணமாகும். மருந்துகள் அரச வைத்தியசாலையில் இலவசம். பரிசோதனையை வேண்டாம் எனச் சொல்லவும் தாய்க்கு உரிமை உண்டு. ஆனால் உண்மை தெரிந்த பின் வேண்டாம் என்போர் சிலரே இருப்பர் என நம்புகிறோம்.

மூன்று மாதம் கழியுமுன் கர்ப்பத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது எமது வழக்கம். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் மருத்துவிச்சிக்குச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் இரத்தம் பார்த்தால் சிகிச்சைக்கு நிறையக் காலம் கிடைக்கும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்து திரும்பும் கணவன் பரிசோதனைக்குப் போகாமல், மனைவியின் இரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது நியாயமா? கிருமி புகுந்த முதல் வாரங்களில் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். பரிசோதனைக்குப் பின்னும் கணவனிடமிருந்து தொற்றலாம். பதுளை வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஆண்களும் இரகசியமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். நோய் தெரியவந்தால் மனைவியை முதலில் குற்றவாளியாக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். அந்தப் பயமே பல பெண்களை வாய்மூட வைக்கிறது.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒன்று கேட்கிறோம். கிளினிக் நாளில் கர்ப்பிணியின் பேர் வெட்டப்படக் கூடாது. ஒரு நாள் சம்பளத்தையும் பிறக்கப்போகும் பிள்ளையின் சுகத்தையும் தராசில் வைக்கும்படி ஏழைத் தாயை நிர்ப்பந்திப்பது பாவம்.

பெயர் பதிவதற்காகவே ஊர்விட்டுப் போன கர்ப்பிணிதான் மரியாள். சத்திரத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தக் கதையை ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கும் நாம், எமது முகாமுக்கும் லயத்துக்கும் புதிதாக வரும் கர்ப்பிணியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: “மகளே, இந்தப் பிரிவு மருத்துவிச்சியிடம் பேர் பதிந்தாயா?” இல்லை என்றால், அடுத்த கிளினிக் நாளில் எம்மில் ஒருவர் அவளோடு கூடப் போவோம்.