ஓய்வு வேளை: இடது முழங்கை மடங்கலாமா?

சென்ற இதழில் கோல்ப் மட்டையைப் பிடிக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதன் பயனாக வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாத வரிசையில் நிற்கையில் மூன்று அன்பர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டனர். மூவர் கேட்டதும் ஒரே கேள்விதான். மட்டையைப் பின்னுக்கு உயர்த்தும்போது இடது கையை மடக்கக்கூடாது என்கிறார்களே, அது ஏன்? எங்களால் அது முடியவில்லையே, என்ன செய்வது? கோயிலில் நின்று பேசுகிற விஷயமா இது என்று பின்னால் நின்ற அம்மையார் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இருந்த காலத்தில் கோல்ப் என்றால் நுவரெலியாவில் துரைமார் ஆடுவது என்பதற்கு மேல் நம்மில் பலருக்கு ஒன்றும் தெரியாது. இந்நாட்டுக்கு வந்து, ஓய்வூதியம் எடுத்த பிறகே பலர் மட்டையைத் தொட்டோம். அறுபது வயதில் கற்பவனுக்கு எவரும் முதலில் சொல்லும் புத்திமதி, "இடது கையை நேராக வை" என்பது. (இதில் நான் சொல்வதெல்லாம் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு. இடக்கைக்காரர் வலது கை என்று மாற்றி வாசித்துக்கொள்க.)

காரணம் எளியது. பந்தின் முன் நிற்கும்போது தோள்மூட்டிலிருந்து மட்டையின் நுனி வரை ஒரு நீளம் இருக்கிறது. மட்டை திரும்பக் கீழே வந்து பந்தைத் தொடும்போதும் அதே நீளம் இருக்கவேண்டும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை 60 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முழங்கை 30 பாகை மடங்கினால் அந்த நீளம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் குறைந்துவிடும். 40 பாகை மடங்கினால் மூன்றரைக்கு மேல் போய்விடும். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீற்றர்தான். இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தால், புல்லைத் தடவிச் செல்லவேண்டிய மட்டையின் அடிவிளிம்பு பந்தின் வயிற்றில் இடிக்கும். பந்து எழும்பாமல் எலிபோல் தரையில் ஓடும். நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் இப்படி ஓடாத பந்து குறைவு.

பின்வீச்சில் மடங்கினால் கீழே வரும்போது நிமிர்த்திக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நிமிர்த்தலாம். ஆனால் மட்டை உச்சியிலிருந்து பந்துக்கு வர எடுக்கும் நேரம் ஏறக்குறைய கால் செக்கன். அதற்குள் சரியாக நிமிர்த்துவதற்குத் தினந்தோறும் பழகியிருக்கவேண்டும். 1968 இல் கொக்ரன், ஸ்ரொப்ஸ் என்ற இருவர் எழுதிய ஆராய்ச்சி நூலில் கோல்ப் வீச்சை இரண்டு துண்டு ஊசலாக விளக்கினார்கள். தோளிலிருந்து தொங்கும் கை ஒரு துண்டு, மணிக்கட்டிலிருந்து தொங்கும் மட்டை மற்றத் துண்டு. இடையில் ஒரே ஒரு பிணைச்சல். முழங்கையும் ஆடத் தொடங்கினால் இரண்டாவது பிணைச்சல் வந்துவிடுகிறது. இரண்டு பிணைச்சலையும் ஒரே கணத்தில் ஒத்துவரச் செய்வது நம்மைப் போன்றவர்களுக்குச் சிரமம்.

இனி என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். நேராக வை என்றதை விறைப்பாக வை என்று எடுத்துக்கொண்டேன். முழங்கையைப் பூட்டி, பற்களைக் கடித்து, உலக்கை பிடித்தவன் போல மூன்று மாதம் அடித்தேன். தூரம் கூடவில்லை. இடது முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு வலி வந்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் முடியவில்லை. வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதத் தேவையில்லை. கை நீண்டிருந்தால் போதும், இறுகக்கூடாது என்பது மருத்துவரிடம் காசு கொடுத்து நான் கற்ற பாடம்.

கை மடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கையில் இல்லை. தோள் திரும்பாததுதான் காரணம். தோள் சுழலாமல் நின்றுவிட, மட்டையை இன்னும் மேலே கொண்டுபோகும் ஆசையில் கை மட்டும் தனியே போகிறது. போக இடமில்லாமல் மடங்குகிறது. இடது தோள் தாடைக்குக் கீழே வரும்வரை உடம்பைத் திருப்புங்கள். இடுப்புப் பிடிப்புள்ளவர்கள் இடது குதிக்காலைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம், அது குற்றமல்ல. அதற்கு மேல் திரும்பாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இடது கை தரைக்குச் சமாந்தரமாக வந்ததும் நிறுத்தி அடிக்கும் அரை வீச்சில் ஒரு வாளிப் பந்து அடித்துப் பாருங்கள். தூரத்தில் இழப்பது நீங்கள் பயப்படும் அளவு இராது. மட்டையை இறுகப் பிடிப்பவர்களுக்கும் முழங்கை மடங்கும், பிடியைத் தளர்த்துங்கள்.

இவ்வளவும் கை நிமிரக்கூடியவர்களுக்கு. நிமிராதவர் என்ன செய்வது?

நம் அங்கத்தவர் ஒருவர், பெயர் வேண்டாம், சிறுவனாக இருந்தபோது மாமரத்திலிருந்து விழுந்து இடது முழங்கையை முறித்தவர். அன்று முதல் அது முழுதாக நிமிர்வதில்லை. மனைவி காலமான பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவது கோயிலுக்கும் சனிக்கிழமை மைதானத்துக்கும் மட்டுமே. ஒரு பயிற்சியாளர் அவரைப் பார்த்து, இந்தக் கையோடு இந்த விளையாட்டு சரிவராது என்று சொல்லிவிட்டாராம்.

"அண்ணை, மட்டையளை ஆருக்காவது குடுத்துவிடப் போறன்," என்றார். முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு நான் சொன்னது கல்வின் பீட் என்ற அமெரிக்கரின் கதை. 1943 இல் பிறந்த கறுப்பினத்தவர். சிறுவயதில் செரி மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்தது. அதன் பின் அது நிமிரவே இல்லை. புளோரிடாவில் பண்ணைத் தொழிலாளருக்குக் காரில் கொண்டுபோய்ச் சாமான் விற்றவர், இருபது வயது தாண்டிய பின்பே கோல்ப் பழகினார். பிறகு அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 12 வெற்றிகள். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் முதலடியைப் பிசகாமல் பெயார்வேயில் போடுவதில் அவரே முதலிடம். 1984 இல் சராசரி அடிகள் மிகக் குறைந்தவருக்கான வார்டன் கேடயம் அவருக்குக் கிடைத்தது. அது எவர் பெயரால் வழங்கப்படுகிறதோ அந்த ஹரி வார்டன், பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை 1896 க்கும் 1914 க்கும் இடையில் ஆறு தடவை வென்றவர், பின்வீச்சில் இடது முழங்கையை நன்றாக மடக்குபவர்! பீட் 2015 இல் காலமானார். இன்னொருவர் எட் பர்கொல். சிறுவயது விபத்தில் வளைந்துபோன இடது கையோடு 1954 இல் அமெரிக்க ஓப்பனை வென்றார்.

பீட்டின் கை நிமிராது. ஆனால் அது மேலும் கீழும் மாறி மாறி மடங்கவும் இல்லை. எப்போதும் ஏறக்குறைய ஒரே நீளம். மேலே சொன்ன கணக்குக் கேட்பதும் அதைத்தான்.

"நிமிராட்டிப் பரவாயில்லை. நிமிர்த்தப் பாக்காதேங்கோ. ஒரே அளவாய் நிண்டால் காணும்," என்றேன்.

அவர் இதுவரை மற்றவர்களைப் பார்த்து, நேரான கை உள்ளவர் நிற்கும் தூரத்தில் நின்றிருக்கிறார். குறையும் நீளத்தைச் சரிக்கட்ட வீச்சின் நடுவில் கையை இழுத்து நீட்டப் பார்த்திருக்கிறார். பந்துக்கு அரைச் சாண் கிட்ட நின்று, கை தானாகத் தொங்கும் நிலையில் மட்டையை வைக்கச் சொன்னேன். முதல் நான்கு பந்தும் எலிதான். ஐந்தாவது எழும்பியது, உயரம் போதாது, ஆனால் நேராகப் போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாளியிலிருந்து அடுத்த பந்தை எடுத்து வைத்தார். வாளி காலியான பிறகு இன்னொரு வாளிக்குக் காசு கட்டினார்.

மட்டைகள் இன்னும் அவரிடமே இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வர விரும்பும் அன்பர்கள் பூசைக்குப் பின் என்னிடம் சொல்லலாம். பிரசாத வரிசையில் மட்டும் வேண்டாம். அடுத்த இதழில் மணற்குழியிலிருந்து பந்தை வெளியே எடுப்பது பற்றி எழுதுகிறேன்.