கையால் தட்டிய அட்டவணைக்குப் பட்டம் தராதீர்கள்

ஆய்விதழ்களுக்கான ‘கேர்’ பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. எது நல்ல இதழ், எது காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ் என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதையொட்டி எழுந்த வாக்குவாதம் முழுவதும் எனக்கு எரிச்சலையே தந்தது. பட்டியல் திரும்ப வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பட்டியல்தான் முறைகேட்டுக்கு வழிவிட்டது என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் பேசுவது கட்டுரை எங்கே வெளியாகிறது என்பதை மட்டுமே. கட்டுரைக்குள் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் நீக்கியபோதும் இதே கதைதான் நடந்தது.

பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட பிறகு ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் ஆய்வுப் படிப்புவரை வருவது பெருகியிருக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர், விசைத்தறி, கோழிப்பண்ணை, லாரித் தொழில் என்று சொந்த ஊரையே ஆய்வுப்பொருளாக எடுக்கிறார்கள். வெயிலில் அலைந்து வினாத்தாள் நிரப்பி வாங்குகிறார்கள். அந்த உழைப்பில் பழுதில்லை. பழுது அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது எந்த ஒரு பல்கலைக்கழகத்தையும் தனியாகக் குறிவைத்து அல்ல; தமிழ்நாடு முழுவதற்கும் இது பொருந்தும்.

வணிகவியல், மேலாண்மை, பொருளியல், சமூகப்பணி என எந்த ஆய்வேட்டை விரித்தாலும் முடிவுகளைச் சொல்லும் அத்தியாயம் முழுக்க அட்டவணைதான். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். அதைப் பார்த்து வேர்டில் தட்டுவார்கள். தட்டுகிறவர் பல நேரம் ஆய்வாளரே இல்லை. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, கெட்டி அட்டை பைண்டிங் போட்டுத் தரும் டி.டி.பி. கடைக்காரர். 0.043 என்பதும் 0.430 என்பதும் ஒரு முடிவைத் தலைகீழாக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்மேல் குற்றம் சுமத்தவும் முடியாது. நாலு பேருடைய விடைகள் அரைகுறையாக இருக்கின்றன, நீக்கிவிடு என்று வழிகாட்டி கடைசி நேரத்தில் சொல்வார். கணக்கு மாறும். அதற்கேற்ப முதல் இரண்டு அட்டவணைகள் திருத்தப்படும். பின்னால் வரும் முப்பது அட்டவணைகள் பழைய எண்களோடு அப்படியே நிற்கும். ஒரே ஆய்வேட்டில் ஒரு பக்கத்தில் 250 பேர், இன்னொரு பக்கத்தில் 246 பேர். எல்லாவற்றுக்கும் கீழே மட்டும் ‘ஆதாரம்: முதன்மைத் தரவு’ என்ற வரி தவறாமல் இருக்கும். அந்தத் தரவை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

திரையில் .000 என்று தெரிவதை ‘பி மதிப்பு சுழியம்’ என்றே எழுதி வைக்கிறார்கள். பி மதிப்பு என்பது ஒரு நிகழ்தகவு; அது அங்கே சுழியமாக இருக்காது. மூன்று தசமத்துக்கு மேல் மென்பொருள் காட்டவில்லை, அவ்வளவுதான். 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும். வயதின் சராசரியை 34.2718 என்று நான்கு தசமத்துக்கு எழுதுகிறார்கள். முழு ஆண்டாகக் கேட்டு வாங்கிய வயதுக்கு நான்கு தசமம் எதற்கு? திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று சொல்லாமலே ‘கூட்டல்-கழித்தல்’ குறி போடுகிறார்கள். ஒவ்வொரு நிரலிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே இருக்காது. இதையெல்லாம் அலங்காரக் குறை என்று ஒதுக்குபவர்களுக்கு அட்டவணை எதற்கு என்பதே புரியவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 25-இலிருந்து 49 பேர்வரை மட்டுமே விவரம் தந்த இடத்தில் எண் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 பேருக்கும் குறைந்தால் எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அட்டவணையே சொல்லிவிடுகிறது.

ஆத்தூர்க்காரர்களுக்குத் தசமத்தின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற விவசாயிக்கு விலை எடைக்கு மட்டும் இல்லை. மாவுச்சத்துப் பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. கிழங்கைத் தண்ணீரில் நிறுத்துப் பாயிண்ட் சொல்லும்போது அவர் பக்கத்திலேயே நிற்பார், அரைப் பாயிண்டுக்கும் சண்டை போடுவார். அந்த விவசாயி நடுகிற ரகத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஓர் அட்டவணைதான். பெத்தநாயக்கன்பாளையத்துக்கு அருகே ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.  இத்தகைய நிலையங்கள் நடத்தும் வயல் சோதனைகளின் அட்டவணையில் கடைசி இரண்டு வரிகள் கட்டாயம்: திட்டப் பிழை, அதன் கீழே ‘சி.டி.’ எனப்படும் தீர்வு வேறுபாடு. ஒரு ரகம் 28.4 பாயிண்ட், இன்னொன்று 27.9 என்று வைத்துக்கொள்வோம். சி.டி. 0.9 என்று கீழே இருந்தால் இரண்டும் ஒன்றுதான், எதை நட்டாலும் சரி. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் முதல் ரகம் உசத்தி என்று ஊரே விதைக்கரணை தேடி ஓடும். வேளாண் ஆய்வாளர்கள் காத்துவரும் இந்தக் கட்டுப்பாட்டில் கால்பங்கு கூட நம் சமூக அறிவியல் துறைகளில் இல்லை.

தவறு எவ்வளவு பெரியது என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது. தில்புர்க் பல்கலைக்கழகத்தின் மிஷேல் நெய்ட்டன் குழுவினர் ‘ஸ்டாட்செக்’ என்ற நிரலை உருவாக்கினார்கள். ஆய்வுக் கட்டுரையில் அச்சாகியிருக்கும் சோதனை மதிப்பையும் அதன் சுயேச்சை எண்ணையும் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) எடுத்து, பி மதிப்பை அது தானே மறுபடி கணக்கிடும். அச்சில் உள்ளதோடு ஒப்பிடும். உளவியலின் எட்டு முன்னணி இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பி மதிப்புகளை அது சோதித்தது. ஏறத்தாழப் பாதிக் கட்டுரைகளில் குறைந்தது ஒரு மதிப்பாவது பொருந்தவில்லை. எட்டில் ஒரு கட்டுரையில் தவறு முடிவையே புரட்டக்கூடிய அளவுக்கு இருந்தது. மறுபடியும் சொல்கிறேன், எட்டில் ஒன்று. அவை துறையின் முதல் வரிசை இதழ்கள். நடுவர்கள் படித்தார்கள், பதிப்பாசிரியர் படித்தார், மெய்ப்புத் திருத்துபவர் படித்தார். அத்தனை கண்களையும் தாண்டி எட்டில் ஒன்று அச்சேறியது. வழிகாட்டியும் இரண்டு புறத் தேர்வாளர்களும் மட்டுமே பார்க்கிற நம் ஆய்வேடுகளில் அது எட்டில் நான்காக இல்லாவிட்டால்தான் வியப்பு.

இன்னொரு சோதனைக்கு மென்பொருளே வேண்டாம். நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர் 2016-இல் முன்வைத்தது. ‘கிரிம்’ என்று பெயர். ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடும் கேள்வியை 25 தொழிலாளர்களிடம் கேட்கிறீர்கள். எல்லாருடைய மதிப்பெண்ணும் முழு எண். கூட்டுத்தொகையும் முழு எண்தான். அதை 25-ஆல் வகுத்தால் 3.44 வரலாம், 3.48 வரலாம். 3.46 வரவே வராது. அட்டவணையில் 3.46 இருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது: தட்டச்சிலோ, ஆட்களின் எண்ணிக்கையிலோ, நாணயத்திலோ. அவர்கள் சோதிக்க முடிந்த 71 உளவியல் கட்டுரைகளில் ஏறத்தாழப் பாதியில் இப்படி நடக்கவே முடியாத சராசரி ஒன்றாவது இருந்தது. நூறு பேருக்குக் குறைவானவர்களிடம் எடுத்த, இரண்டு தசமத்தில் எழுதிய சராசரிக்கு இந்தச் சோதனை செல்லும். ஐந்து புள்ளி அளவுகோலை வைத்தே நம் மேலாண்மை ஆய்வுகள் ஓடுகின்றன. எந்த வாய்மொழித் தேர்விலாவது ஒரு தேர்வாளர் கால்குலேட்டரை எடுத்து இதைச் செய்து பார்த்திருக்கிறாரா?

நாம் எதைச் சோதிக்கிறோம்? சொற்களை. 2018-இன் கருத்துத் திருட்டு ஒழுங்குமுறைப்படி பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் சிக்கல். அதற்கென இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் நாடு முழுவதும் மென்பொருள் வாங்கித் தந்திருக்கிறது. ஒப்புமைச் சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். அந்த மென்பொருள் வாக்கியத்தைத்தான் பார்க்கும். அட்டவணையில் இருக்கும் எண் உண்மையா என்று அதற்குத் தெரியாது. ஆய்வேடு முடிந்ததும் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் பி.டி.எஃப். ஆக ஏறும். அந்தப் பி.டி.எஃப்.-உடன் தரவுக் கோப்பு வராது. வாக்கியங்களை அளவுக்கு மீறித் திருடினால் பட்டமே போகலாம். அட்டவணையின் ஒரு நிரலையே கற்பனையில் நிரப்பினால் ‘முனைவர்’ என்று பெயர்ப்பலகை மாட்டலாம். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு இதழ்ப் பட்டியல் வேண்டுமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் கருத்தரங்கு நடத்துவது நேர விரயம். அதைவிடப் பெரிய பொறுப்பின்மை வேறில்லை.

வழி இருக்கிறது, பழைய வழிதான். எண்ணைக் கை தொடக் கூடாது. தரவு ஒரு கோப்பில் இருக்கும். எந்த வரியை நீக்கினோம், எதை எதோடு ஒப்பிட்டோம், எந்தச் சோதனை என்பதெல்லாம் கட்டளைகளாக இன்னொரு கோப்பில் இருக்கும். அந்தக் கட்டளைக் கோப்பை ஓட்டினால் அட்டவணை நேராக வேர்ட் ஆவணமாகவே வந்து விழும். ‘ஆர்’ மென்பொருளில் ஜி.டி.சம்மரி, மாடல்சம்மரி, ஃபிளெக்ஸ்டேபிள் என்ற தொகுப்புகள் இதற்கென்றே இருக்கின்றன, ஸ்டேட்டாவில் எஸ்ட்டாப். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், விடை தராதவர் எத்தனை பேர், எந்தச் சோதனை பயன்பட்டது என்று அடிக்குறிப்புவரை தானாகவே எழுதும். இதழ் மாறினால் ஒரு வரி போதும்: லான்செட் கேட்கிற நடுப்புள்ளித் தசமம்கூட அட்டவணை முழுக்க மாறிவிடும். நாலு பேரை நீக்கச் சொன்னார் வழிகாட்டி என்றால், மறுபடி ஓட்டினால் முப்பத்திரண்டு அட்டவணையும் ஒன்றாக மாறும். வயல் சோதனைக்கு லிமாவில் பெருவியர் ஒருவர் எழுதிய ‘அக்ரிகோலே’ தொகுப்பு சி.டி.-யையும் ரகங்களை ‘ஏ’, ‘பி’ என்று பிரிக்கும் எழுத்துக்களையும் சேர்த்தே கொடுக்கும்.

இதற்கு வரும் எதிர்ப்புகளை நான் கேட்டிருக்கிறேன். கலைப்பிரிவு மாணவருக்கு நிரல் எழுத வராது என்பார்கள். கைபேசியில் மூன்று செயலியில் கணக்கு வைத்து வியாபாரம் செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பத்து வரிக் கட்டளை வராது என்பது அவர்களை மட்டம் தட்டும் பேச்சு. செலவாகும் என்பார்கள். ஆர் இலவசம், 1995 முதல் இலவசம். ஐ.ஐ.டி. மும்பையின் ஃபாஸீ திட்டம் அதற்குப் பயிற்சியும் தருகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியது எஸ்.பி.எஸ்.எஸ்.தான். அதையே வைத்துக்கொள்கிறேன் என்பவருக்கும் தப்ப வழியில்லை: ஒவ்வொரு சாளரத்திலும் ‘ஓகே’-க்குப் பக்கத்தில் ‘பேஸ்ட்’ என்ற பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் கட்டளை தானே எழுதப்படும். தரவைக் கொடுத்தால் திருடிவிடுவார்கள் என்பது மூன்றாவது வாதம். பெயரை நீக்கிவிட்டுக் கொடுங்கள். தரவைக் காட்ட மறுப்பவரிடம் காட்டுவதற்குத் தரவு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தரவுக் கோப்பைத் திறந்ததால் தவறு வெளிப்பட்டது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. ஒரு நாட்டின் அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சுருங்கும் என்று பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் 2010-இல் எழுதியதைக் காட்டி ஐரோப்பாவில் செலவைக் குறைத்தார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பையே கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் வரிசையில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு குறைகளையும் சரிசெய்து பார்த்தபோது மைனஸ் 0.1 என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 2.2 ஆக இருந்தது. கோப்பு கையில் கிடைத்ததால் ஒரு மாணவரால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. நம் ஆய்வேடுகளில் அந்தக் கோப்பே இல்லை.

ஆகவே பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கி மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் உயர்கல்வித் துறை ஒரே உத்தரவு போட வேண்டும். ஆய்வேட்டோடு தரவுக் கோப்பும் கட்டளைக் கோப்பும் வர வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கைகாட்டுகிற அட்டவணையை மாணவர் அங்கேயே ஓட்டிக் காட்ட வேண்டும். வரவில்லை என்றால் அன்று பட்டம் இல்லை. இதை அடுத்த கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்தினால் காசுக்கு ஆய்வேடு எழுதித் தரும் தொழில் இரண்டே ஆண்டில் படுத்துவிடும். தரமற்ற இதழ்களுக்குப் போகும் கட்டுரைகளில் பெரும்பகுதி எழுதப்படாமலே நின்றுவிடும். கேர் பட்டியல் ஆறு ஆண்டில் செய்ய முடியாததை இரண்டு கோப்புகள் செய்யும். ஏற்கெனவே பதிவு செய்த மாணவர்களுக்கு விலக்கு கேட்பார்கள். அவர்களுக்கு ஆறு மாத அவகாசமும் பயிற்சியும் தரலாம். விலக்கு மட்டும் கூடாது.