மக்குப் பிள்ளையா?

“உங்கள் பையன் மக்கு. ஏதாவது வேலையில் சேர்த்துவிடுங்கள்.” பள்ளிக்கூடத்தில் இந்த வார்த்தையைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பிய தொழிலாளிகள் எத்தனை பேர்!

1896-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். பையன் பெயர் பெர்ஸி. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்குவான். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெஸி’ என்று எழுதுவான். ஏழு வருஷம் பாடுபட்டும், சின்னஞ்சிறு சொற்களைத் தவிர வேறெதுவும் படிக்க வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவன்தான் முதல்வன் என்று அவன் ஆசிரியரே சொன்னார். கண்ணிலும் கோளாறில்லை.

பெர்ஸி, தனி உபாத்தியாயர் வைக்க முடிந்த வீட்டுப் பிள்ளை. அதனால் டாக்டர் பார்த்தார். அதே வருஷம் லங்காஷயர் பஞ்சாலைகளில் 11 வயதுப் பிள்ளைகள் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் கிடந்தார்கள். அவர்களில் எத்தனை பெர்ஸிகள் என்று யார் எண்ணினார்கள்?

இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். படித்துப் பழகியவன் ‘கொடி’ என்ற சொல்லை ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறான். இந்தப் பிள்ளையோ ஒவ்வோர் எழுத்தின் உருவத்தையும் ஒலியோடு கட்டப் போராடுகிறான். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடுகிறது. நம் எழுத்திலும் தொல்லை உண்டு. ‘கொ’வில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பிறகுதான். இது சோம்பல் அல்ல. பிரம்பால் தீராது. எழுத்தையும் ஒலியையும் சேர்த்து, நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் முன்னேற்றம் உண்டு.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவருக்கு இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்?

2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டை ஒப்புக்கொண்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுக்க வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். பணமுள்ளவன் பட்டணத்து டாக்டரிடம் போய் மகனுக்குச் சர்டிபிகேட் வாங்கிவிடுகிறான். கூலிக்காரன் மகனுக்கோ ‘மக்கு’ என்ற பட்டம்தான் சர்டிபிகேட்!

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குச் சங்கத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து போங்கள். இந்தப் பள்ளியில் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, எந்தெந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள் என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். அன்றைக்கு அரைநாள் கூலி போகும். தெரிந்துதான் சொல்கிறேன்.