நள்ளிரவில் வந்து விடியுமுன் போகும் ரெயில்: திருவண்ணாமலைக்கு லாபமா, தொல்லையா?

திருவண்ணாமலை:

"மெட்ராசுக்கு அம்பது ரூபாயா!" என்று வாயைப் பிளந்தது ஊர்.

2024-ம் வருஷம் மே 2-ந் தேதி. சென்னை கடற்கரையில் இருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிக்கொண்டிருந்த மெமு ரெயில் அன்று முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. தொடங்கியபோது கட்டணம் ரூ.50. டீக்கடை, சலூன், கோவில் வாசல் எங்கும் அதே பேச்சுதான்!

சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. விழுப்புரம் – காட்பாடி பாதை வெள்ளைக்காரன் காலத்தில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2007 வாக்கில் மூடினார்கள். 2010-ல் மீண்டும் திறந்தார்கள். திருப்பதிக்கு வண்டி வந்தது; ராமேசுவரத்துக்கு வண்டி வந்தது. ஆனால் 200 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் தலைநகருக்குத் தினமும் ஒரு நேர் வண்டி வர 14 வருஷம் ஆனது.

வந்த வண்டி யாருக்குப் பயன்பட்டது? யாருக்குப் பயன்படவில்லை? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

நேரத்தைப் பாருங்கள்!

2024-ல் அறிவித்த நேரப்படி, கடற்கரையில் மாலை 6 மணிக்குப் புறப்படும் வண்டி திருவண்ணாமலைக்கு வந்து சேருவது நள்ளிரவு 12.05. மறுபடி கிளம்புவது விடியற்காலை 4 மணி. கடற்கரையில் நிற்பது காலை 9.50.

கணக்குப் போட்டால் கதை விளங்கும்.

தினமும் சென்னைக்குப் போய் வேலை பார்த்துத் திரும்ப நினைப்பவர் வீட்டில் இருக்கும் நேரம் நாலு மணி கூட இல்லை. அதில் ஸ்டேஷனுக்குப் போகிற, வருகிற நேரத்தைக் கழித்தால் தூங்குவது எப்போது? ஆக, இது ஆபீஸ்காரர் வண்டி அல்ல.

ஆனால் ஒருநாள் காரியத்துக்குப் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். பாரிமுனையில் மொத்த விலைக்குச் சரக்கு வாங்கும் சிறு வியாபாரி, ஐகோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர், பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துப் போகிறவர் – இவர்களுக்குப் பகலில் 8 மணி நேரம் கிடைக்கிறது. லாட்ஜ் வாடகை மிச்சம். போக வர நூறு ரூபாய்க்குள் முடிந்த கதை அது. பஸ்சில் அந்தப் பணம் ஒருவழிப் பயணத்துக்கே காணாது.

இன்னொரு பெரிய பயனும் உண்டு. 4 மணி வண்டி 5.40-க்கு வேலூர் கண்டோன்மெண்ட் போய்விடுகிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காலையில் சீட்டுப் போட வேண்டிய நோயாளிகளுக்கு, போளூர், ஆரணி ரோடு பக்கத்து ஜனங்களுக்கு, இது கைகொடுக்கிற வண்டி. சென்னை ரெயில் என்று பெயர் வாங்கினாலும், நோயாளிகளுக்கு இது வேலூர் ரெயில்தான்!

கிரிவலம் உண்டு, தரிசனம் இல்லை

பக்தர்கள் கதை வேறு.

12.05-க்கு இறங்கினால் நேரே மலை சுற்றக் கிளம்பலாம். கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு, சாதாரண நடையில் சுற்றி வர மூன்றரை மணி, நாலு மணி ஆகும். அதே வண்டியில் திரும்ப வேண்டும் என்றால் ஓட்டமும் நடையுமாகத்தான் சுற்ற வேண்டும். வழியில் கால் வலித்து உட்கார்ந்தால் வண்டி போச்சு!

கோவில் தரிசனம்? சாதாரண நாளில் அந்த நேரத்தில் அருணாசலேசுவரர் கோவில் கதவு சாத்தியிருக்கும். திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். சாமி கும்பிட வந்தவர் சாமியைப் பார்க்காமலே திரும்ப வேண்டும்; இல்லாவிட்டால் பஸ்சைத்தான் நம்ப வேண்டும்.

அதுவும் வேண்டாம் என்று தங்குகிறவர்களில் கையில் காசு உள்ளவர் லாட்ஜுக்குப் போவார். இல்லாதவர் துண்டை விரித்து பிளாட்பாரத்தில் படுப்பார். ஸ்டேஷன் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22-ந் தேதி பிரதமர் மோடியால் காணொலி மூலம் திறந்து வைக்கப்பட்டது. முகப்பு பளபளக்கிறது. நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் இறங்கும் குடும்பத்துக்கு வேண்டியது முகப்பு அல்ல. படுக்க ஒரு கூடம், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பிடம்.

ஊர்க்காரர் படும் பாடு

ஸ்டேஷன் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. நடுராத்திரியில் ஒரு ரெயில் கூட்டம் மொத்தமாக இறங்கினால் டவுன் பஸ் ஏது? ஆட்டோதான். அந்த நேரத்தில் ஆட்டோவில் கேட்டதுதான் கூலி. ஆட்டோ சத்தம், பேரம் பேசும் சத்தம் எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள் காதில்தான் விழும். நாலு மணி வண்டிக்கு மூன்று மணிக்கே மறுபடி ஆரம்பம்.

ஆனாலும் "ரெயில் வேண்டாம்" என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். காரணம், பவுர்ணமி!

பவுர்ணமி தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். சமீப வருஷங்களில் ஆந்திரா, தெலுங்கானாவில் இருந்து வருகிற கூட்டமும் பெருகிவிட்டது. அன்றைக்கு வெளியூர் பஸ்களை ஊர் எல்லையில் தற்காலிக பஸ் நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், பிரசவத்துக்குப் போகிற பெண் – எல்லோரும் சுற்றித்தான் போக வேண்டும். 2024 ஆகஸ்டில் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. தெருக்கள் என்னவோ அதே அகலம்தான்!

ஒரு ரெயிலில் 2 ஆயிரம் பேர் வந்தால், ஆளுக்கு ஒரு சீட் என்று கணக்குப் பார்த்தாலே 40 பஸ் ரோட்டுக்கு வராது. காரில் வருகிறவர்களாக இருந்தால் 400 கார் குறையும். ரெயில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஊர்க்காரர் இன்னும் ரெயில் கேட்பது இதனால்தான். பவுர்ணமிக்கும் தீபத்துக்கும் சிறப்பு ரெயில்கள் விடுகிறார்கள். ஆனால் கூட்டம் இப்போது சனி, ஞாயிறு, லீவு நாள் எதையும் விடுவதில்லையே!

இன்னொரு வண்டி விட்டால் என்ன?

கேட்பது சுலபம். ஆனால் விழுப்புரம் – காட்பாடி 161 கிலோ மீட்டரும் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால், வழி விடுவதற்கு இன்னொரு வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நின்றாக வேண்டும். மின்சார வண்டி வந்தும் நேரம் பெரிதாகக் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம். திருப்பதி – பாகாலா – காட்பாடி 104 கிலோ மீட்டரை ரூ.1,332 கோடியில் இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தது. வடக்கே இரட்டைப் பாதை வந்து, காட்பாடிக்குத் தெற்கே ஒற்றைப் பாதையாகவே கிடந்தால், பெரிய வாய்க்காலில் வரும் தண்ணீரைச் சின்னக் குழாயில் விட்ட கதைதான்.

தூரமும் ஒரு காரணம். காட்பாடி வழியாக வந்தாலும், விழுப்புரம் வழியாக வந்தாலும் சென்னைக்கு சுமார் 225 கிலோ மீட்டர். இரண்டும் சுற்று வழி.

நேர் வழி திண்டிவனம், செஞ்சி வழி. சுமார் 70 கிலோ மீட்டர் புதுப் பாதை போட்டால் தூரம் 190-க்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 2006-07-ல்! அப்போது பிறந்த பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். பாதையில் இன்னும் ரெயில் ஓடவில்லை. நிலம், பணம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. செஞ்சிக்கு ரெயில் ஸ்டேஷன் மட்டும் கிடைத்தபாடில்லை!

புதுப் பாதை வருகிறபோது வரட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கோவில் திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேரும்படி பகலில் ஒரு வண்டி. நள்ளிரவு வண்டிக்கு ஸ்டேஷனில் இருந்து கோவில் வரை ஒரு டவுன் பஸ். ஆட்டோவுக்கு முன்பணம் கட்டும் கவுண்டர். விடிய விடிய விளக்கும் தண்ணீரும். இதில் முதலாவது ரெயில்வேயின் வேலை. மற்றவை போக்குவரத்துக் கழகமும், போலீசும், மாநகராட்சியும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

ஒரு ரெயில் வர 14 வருஷம் பொறுத்த ஊர் இது. இறங்குகிறவருக்கு ஒரு பஸ் விடவும் 14 வருஷமா?